பாரிவாக்கத்தில் என் மட்டக்களப்புத் தமிழ்

வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலை, பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் என் தமிழ் மீது முதல் புகார் வந்தது.

“ஒரு தேத்தண்ணி தாங்க அண்ணன்” என்றேன்.

மாஸ்டர் ஒரு டீயை வைத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்தார். நான் இரண்டையும் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“டீயும் தண்ணியும்தான கேட்ட?”

“தேத்தண்ணி எண்டா டீதான் அண்ணன்.”

“கேரளாவாம்மா நீ?”

“இல்ல, மட்டக்களப்பு.”

“அது எர்ணாகுளத்தாண்டையா?”

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சிலோனா! மொதல்லயே சொல்றதில்ல? அப்ப நம்மாளுதான்.” கடையில் நின்ற இன்னொருவரிடம் என்னைக் காட்டி, “பாரேன், சிலோன் பொண்ணு. நல்லாத்தான் தமிழ் பேசுது, ஆனா புரியல” என்றார். அந்தப் பாராட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்று டீ ஆறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்தது பேச்சு, மொழிச் சிகிச்சையில் மேற்படிப்புக்காக. பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களை மறுபடியும் பேசப் பழக்குவது எங்கள் வேலை. ஊரில் பட்டம் முடித்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஜெர்மனிக்குப் படிக்கப் போன என் தோழி, ஒரு வருடம் மொழி படித்த பிறகுதான் அங்கே ஒரு நோயாளியின் முன்னால் உட்கார முடிந்தது. எனக்கு அந்தத் தொல்லையே இல்லை, போகிற இடமும் தமிழ்தானே என்று அவளிடம் பெருமையடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

தங்கியது பாரிவாக்கத்தில், ஒரு வீட்டின் மாடி அறையில். வீட்டுக்காரர் அமுலு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர் பின்னும் கம்பெனியில் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தலையைப் பின்னிக்கொண்டே ஓடுவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே இடத்தில் யாரோ ஒருவரின் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது அந்த வயலில்தான் நான் துணி காயப்போடுகிறேன்.

“இன்னாமா, நாஸ்தா துன்ட்டியா?” இது அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. சிரித்தேன். சிரிப்பதைத்தான் முதல் வாரம் முழுவதும் செய்தேன். தண்ணீர் கேன் போடும் அண்ணனிடம், பால்காரரிடம், கல்லூரி வாசல் காவலாளியிடம், எல்லோரிடமும். ஏழு நாளில் தாடை வலித்தது.

ஷேர் ஆட்டோவில்தான் பெரிய விபரீதம் நடந்தது. எங்கள் ஊரில் பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் “இறக்கம்!” என்று கத்துவோம். நடத்துநர் மணியை அடிப்பார். நான்காம் நாள் மாலை, பூந்தமல்லியில் ஏறி, பாரிவாக்கம் நெருங்கியதும் பின் இருக்கையிலிருந்து “இறக்கம்!” என்றேன். ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது. “இறக்கம்! இறக்கம்!” என்று குரலை உயர்த்தினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னாமா எறக்கம் எறக்கம்னு கூவிகினே வர்ற? ரோடு சமமாத்தான கீது?”

“இல்லண்ணன், நான் இறங்கோணும்!”

“அதச் சொல்லு!”

ஆனால் அதற்குள் பின்னால் லாரி, முன்னால் லாரி. ஓரம் கட்ட அவருக்கு இடம் கிடைத்தது பருத்திப்பட்டு ஏரியை ஒட்டித்தான். இறங்கி நின்றேன். நல்ல மாலை வெயில். ஏரிக்கரையில் ஆட்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். எதையாவது பிடிக்கப் போகிறார்களோ என்று பார்த்தால், எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்தார்கள். டிரைவர் போகவில்லை. எதிர்ப்பக்கம் வந்த இன்னொரு ஆட்டோவை நிறுத்தி, “மச்சான், இந்தப் பொண்ண பாரிவாக்கத்தாண்ட எறக்கி வுடு. எறக்கம்னு கத்தும், அப்ப நிறுத்து, இன்னா?” என்று ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக நடுரோட்டில் இத்தனை ஏற்பாடு. கோபப்படலாம் என்று வைத்திருந்த மனது அங்கேயே கரைந்துவிட்டது.

முதல் சனிக்கிழமை அமுலு அக்காவுக்கு நன்றி சொல்லும் விதமாகப் பிட்டு அவித்தேன். தேங்காய்ப்பூ போட்டு, மீன் குழம்பும் வைத்து, மாடியிலிருந்து சட்டியோடு இறங்கினேன். மூடியைத் திறந்து பார்த்தவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

“புட்டா? யாரு வயசுக்கு வந்துட்டாங்க?”

இந்தப் பக்கம் பெண்பிள்ளை பெரியவளானால்தான் புட்டு செய்வார்களாம், அதுவும் சர்க்கரை போட்டு. எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் பிட்டு என்றேன். “நாலு நாளா!” என்று நெஞ்சில் கை வைத்தார். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை. தட்டைக் கழுவும்போதுதான் சொன்னார்: “ஷோக்காத்தான் கீது. ஆனா பக்கத்து ஊட்டுக்காரங்களாண்ட சொல்லாத, அட்சதையோட வந்துருவாங்க.”

சாம்பாருக்குப் பழக எனக்குப் பத்து நாள் ஆனது. காலையில் சாம்பார், மதியம் சாம்பார், ஞாயிறு மட்டும் விடுதலை. தேங்காய்ப்பால் இல்லாத குழம்புகளை முதலில் இரக்கத்தோடு சாப்பிட்டேன், பிறகு விரும்பியே சாப்பிட ஆரம்பித்தேன். பூந்தமல்லியின் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாசனையை எதிர்த்து நிற்க என்னிடம் ஆயுதம் எதுவும் இல்லை.

இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கியது.

எனக்குக் கொடுத்த முதல் நோயாளி சாதிக் பாய். நாற்பத்து நான்கு வயது. குமணன்சாவடியில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வலது கை, வலது கால் தளர்ந்திருந்தன. பேச்சு முழுவதும் போய் “தா... தா...” என்ற ஒரே ஒலி மிச்சமிருந்தது. எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வந்தது. தலைமாட்டில் அவர் மனைவி ஜரினா அக்கா எப்போதும் உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்டவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது, பேச்சு போனதோடு பேசுவதைப் புரிந்துகொள்ளும் திறனும் போயிருக்கிறதா என்பது. புரிகிறதென்றால் சிகிச்சை ஒரு வழி. புரியவில்லையென்றால் வேறு வழி. துறையின் படப்புத்தகம் அன்று வேறொரு மாணவியிடம் இருந்தது. பரவாயில்லை என்று ஊரிலிருந்து கொண்டுவந்த என் அட்டைகளை எடுத்தேன். நானே படம் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள். நான்கு வருடம் அவற்றோடு வேலை செய்திருக்கிறேன். அவற்றின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான்கு நான்காக மேசையில் பரப்பி, “நான் சொல்லுறத தொட்டுக் காட்டுங்க” என்றேன்.

குடையைத் தொட்டார். சீப்பைத் தொட்டார். கத்தரிக்கோல் என்று சொல்லி முடிப்பதற்குள் தொட்டார். பிறகு தடுமாற்றம் தொடங்கியது. கதிரை என்றேன். குதிரைப் படத்தைத் தொட்டார். திறப்பு என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கதவைத் தொட்டார். மணிக்கூடு என்றதற்குக் கிளிக்கூண்டை. சவர்க்காரம் என்றதற்கு அட்டைகளைப் பார்க்காமல் இடது கையால் தன் தாடியைத் தடவினார். துவாய் என்றதற்கு வாயைக் காட்டினார். போத்தல் என்றதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தவறுகளை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஜரினா அக்கா எழுந்து என்னிடம் வந்தார். “மேடம், அவருக்கு எல்லாம் புரியுது மேடம். என் மூஞ்சியப் பாத்தே நான் சாப்ட்டனா இல்லியான்னு கண்டுபுடிக்கிறாரு.”

“வீட்டாக்கள் எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் அக்கா” என்று நான் சொன்னேன். இதைச் சொல்லும்போது என் குரல் கனிவாகத்தான் இருந்தது. அதை இன்று நினைத்தால்தான் கூடுதலாக வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதினேன். சாதாரணச் சொற்களைக்கூடப் புரிந்துகொள்வதில் கடுமையான குறைபாடு, குழுவாகப் பயிற்சி தருகிற வகுப்புக்கு இப்போதைக்கு ஏற்றவரல்ல, வீட்டிலேயே பராமரிக்கலாம். எங்கள் பேராசிரியர் வசந்தி மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாதிக் பாயின் அண்ணன் ரஷீத் வந்திருந்தார். அறிக்கையைப் பக்குவமாக விளக்கிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, “அப்ப கடைய இனிமே அவன் பாக்க முடியாது, இல்லீங்களா?” என்றார். “இப்போதைக்குக் கஷ்டம்தான்” என்றேன். மறுநாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அமுலு அக்காவுக்கு லீவு. மாடியில் வடாம் காயவைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து குந்தினார். மேசை மேல் கிடந்த அட்டைகளை எடுத்துப் பார்த்து, “இன்னாமா இது, சீட்டாட்டமா?” என்றார். விளக்கினேன். “எங்க, எனக்கு வெச்சிப் பாரு. நான் பாஸா ஃபெயிலான்னு சொல்லு” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே அட்டைகளைப் பரப்பினேன். “கதிரை.”

அமுலு அக்கா குதிரையைத் தொட்டார்.

அக்கா விளையாடுகிறார் என்று நினைத்தேன். “திறப்பு” என்றேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “தொறக்கிறது... இதானே?” என்று கதவைத் தொட்டார்.

“மணிக்கூடு.”

“இந்தக் கூண்டா? மணின்னு கிளிக்குப் பேரா?”

“சவர்க்காரம்” என்றேன்.

“சவரமா? பிளேடு படம் எதுவும் இல்லியேமா.”

துவாய் அட்டையை நான் எடுக்கவே இல்லை. நோட்டைத் திறந்து வியாழக்கிழமைக் குறிப்புகளைப் பார்த்தேன். குதிரை, கதவு, கூண்டு, தாடி, வாய். ஒவ்வொன்றும் சரியாகக் காதில் வாங்கி, யோசித்து, இருப்பதற்குள் மிக நெருக்கமானதைத் தேடிச் சொன்ன பதில். நாக்கு எழாத ஒரு மனிதர், தனக்குத் தெரியாத சொற்களுக்குக்கூடப் பொருள் கண்டுபிடிக்க அத்தனை பாடுபட்டிருக்கிறார். அவருக்குப் புரியவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டது நான்.

தேத்தண்ணியும் இறக்கமும் பேச்சுவழக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கதிரை எங்கள் பள்ளிப் புத்தகத்தில் அச்சாகியிருந்த சொல். அது ஒரு ஊரின் சொல் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தமிழ் என்று நினைத்திருந்தேன்.

“இன்னாமா, ஏன் அழுவுற? நான் ஃபெயிலா?” என்று அமுலு அக்கா பதறினார்.

“நீங்க பாஸ் அக்கா. நான்தான்.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “அந்த ஆளு ஊடு எங்க?” என்றார். குமணன்சாவடி என்றேன். “நாளிக்கிக் காலைல மொத வேலையா உங்க டீச்சராண்ட சொல்லு. அப்பால நேரா அங்க போ. போன்ல சொல்லிகினு இருக்காத.”

அன்று சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு அட்டையாகக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கதிரை, சேர். திறப்பு, சாவி. மணிக்கூடு, கடியாரம். சவர்க்காரம், சோப்பு. துவாய், துண்டு. போத்தல், பாட்டில். வாளி, பக்கெட். நடுவில் ஒருமுறை, “ஏம்மா, உங்க ஊர்ல எல்லாத்துக்கும் இம்மாம் பெரிய பேரா? சோப்புன்னா முடிஞ்சிது. சவர்க்காரம்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள குளிச்சிட்டே வந்துரலாம்” என்றார். அழுத கண்ணோடு சிரித்தேன்.

திங்கட்கிழமை வசந்தி மேடத்தின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

“பழைய ரிப்போர்ட்ட எடுக்காதீங்க. அது ஃபைல்லயே இருக்கட்டும். மறுபடி டெஸ்ட் பண்ணி, ஏன் தப்பாச்சுன்னு காரணத்தோட புதுசா எழுதுங்க” என்றார். பிறகு, “எந்த அட்டை வெச்சீங்கன்னு கேக்காம கையெழுத்துப் போட்டது நான். அதையும் நான் எழுதறேன். இப்ப அவங்க வீட்டுக்குப் போன் பண்ணிட்டு, இந்தப் புத்தகத்தோட நீங்க கிளம்புங்க” என்று துறையின் படப்புத்தகத்தை நீட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குமணன்சாவடி சந்திப்பில் ஷேர் ஆட்டோ அரைமணி நேரம் அசையாமல் நின்றது. இறங்கி நடந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் கடை. ஷட்டர் பாதி மூடியிருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே நுழைந்தபோது ரஷீத் அண்ணன் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். திருவேற்காட்டிலிருந்து வந்த ஒரு தையல்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடையை எடுத்து நடத்தப் போகிறவராம். கட்டிலில் சுவரில் சாய்ந்து சாதிக் பாய். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தையல் மிஷின் அறையோட சாவியக் காணோம் மேடம், ரெண்டு நாளா தேடறோம்” என்றார் ரஷீத் அண்ணன். “நான் வேணும்னு செய்யல. கஸ்டமருங்க வேற கடைக்குப் போயிட்டா, அப்பால கடையே இல்லாம பூடும். யாராவது நடத்தினாதான் இவங்களுக்கு நல்லது.” அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவரும் தம்பிக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த தகவலை நம்பி.

நான் கட்டிலுக்கு எதிரே போய் நின்றேன். பழக்கப்படுத்திக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின.

“அண்ணன், நான் பிழை விட்டுட்டன். நான் சொன்ன சொல்லெல்லாம் எங்கட ஊர்ச் சொல். உங்களுக்கு விளங்காம இல்ல. நான்தான் உங்களுக்கு விளங்கிற மாதிரிக் கேக்கல்ல. என்னை மன்னிச்சிக்கங்க.”

ஜரினா அக்கா என்னிடம் வந்து நின்று, “இப்ப கேளுங்க” என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படப்புத்தகத்தைத் திறந்தேன். சேர் என்றேன். தொட்டார். கடியாரம், சோப்பு, துண்டு, பாட்டில். ஒவ்வொன்றும் நான் சொல்லி வாய் மூடுவதற்குள். ஒரே சொல்லில் இருந்து வாக்கியத்துக்குப் போனேன். “பேனாவ எடுத்து டம்ளர் பக்கத்துல வைங்க.” இடது கையால் வைத்தார். “டம்ளர எடுக்காம, பேனாவ மட்டும் எடுங்க.” எடுத்தார். எடுத்துவிட்டு, இதுவும் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

ஜரினா அக்கா திடீரென்று குனிந்து கேட்டார். “என்னாங்க, மிஷின் ரூம் சாவி எங்க?”

சாதிக் பாய் அண்ணனைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார், பிறகு மெதுவாக இடது கையைத் தலையணை உறைக்குள் விட்டுச் சாவியை எடுத்தார். யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். இரண்டு நாளாகத் தன் காதுபடவே எல்லோரும் பேசிய எல்லாவற்றையும் கேட்டு, செய்ய முடிந்த ஒரே காரியத்தை அவர் செய்திருந்தார்.

ரஷீத் அண்ணன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “டேய்... எல்லாம் கேட்டுகினுதான் இருந்தியாடா?” என்று தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். திருவேற்காட்டுக்காரர் எழுந்து, “நான் அப்பால வர்றேன் பாய்” என்று சொல்லிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை.

புதிய அறிக்கை அன்றே ஃபைலில் ஏறியது. வாரத்தில் மூன்று நாள் குழு வகுப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆட்டோவில் அழைத்துவருவது ரஷீத் அண்ணன் பொறுப்பு.

முதல் சில நாட்கள் சாதிக் பாய் என்னிடம் முறைப்பாகவே இருந்தார். அதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. “தா... தா...” மெல்ல மெல்லத் தண்ணியானது, டீயானது. ஜரினா என்ற பெயர் பத்தொன்பதாம் வகுப்பில் வந்தது. ‘ஜ’ என்று தொடங்கி இடையில் அறுந்து, மறுபடி முயன்று, முழுதாக வந்தபோது அந்த அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

ஒருநாள் “கை வலிக்குதா?” என்று கேட்டதற்கு அவர் தெளிவாக “ஓம்” என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ‘ஆமா’வைத்தான் பத்து நாளாகச் சொல்லித்தந்துகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து தானாக விழுகிற ஓம்களைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அதுதான் ஒட்டியிருக்கிறது. ஜரினா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல், “நல்லா கீது போ. தொழுவப் போற மனுசனுக்கு ஓம் கத்துக் குடுத்திருக்க. பள்ளிவாசல்ல ஹஜ்ரத் கேட்டா நீதான் வந்து பதில் சொல்லணும்” என்றார். சாதிக் பாயும் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு. என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

இந்த நாட்களுக்குள் என் வாயும் மாறிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் “அண்ணா, ஓரமா நிறுத்துங்க” என்று சாதாரணமாகச் சொல்லிப் பாரிவாக்கத்திலேயே இறங்கினேன். டீக்கடை மாஸ்டரிடம் டீ என்றேன். டீ மட்டும் வந்தது. புதிய அட்டைகள் செய்தேன். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் இரண்டு மூன்று சொற்கள். நோயாளி வந்து உட்கார்ந்ததும் முதலில் வீட்டாரிடம், “இத உங்க வீட்ல என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஆவடியிலிருந்து வந்த ஒருவர் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். நெமிலிச்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மா விளக்குமாற்றுக்கு மூன்று பெயர் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் கடை திறந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது தட்டு நிறையப் பிரியாணியை வைத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். மெஷினில் ஜரினா அக்கா. கல்யாணத்துக்கு முன்னாலேயே தையல் தெரிந்தவராம். கடையில் உட்கார இப்போதுதான் வாய்த்தது. சாதிக் பாய் முன்னால் பலகையில் ரெக்சினை விரித்து, இடது கையில் சாக்குக்கட்டி வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு வளைந்தது. அழித்து மறுபடி போட்டார்.

ஒரு ஆட்டோக்காரர் அவசரமாக வந்து பின் சீட்டைத் தூக்கிப் பலகையில் போட்டார். “பாய், ஃபுல்லா கிழிஞ்சி பூட்ச்சி. நாளைக்குக் காலைல ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய எஃப்சிக்குக் காட்டணும். இன்னைக்குள்ள முடிச்சிக் குடு.”

ஜரினா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழப் பார்த்தார். நான் பிரியாணிக் கையோடு ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். சாதிக் பாய் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சீட்டைப் புரட்டிப் பார்த்தார். கிழிசலுக்குள் விரலை விட்டு உள்ளிருக்கும் ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தார். உதடுகள் ஒருமுறை சேர்ந்து பிரிந்தன.

“மு... முடியாது” என்றார்.

எங்கள் வகுப்பில் தண்ணி இருந்தது, டீ இருந்தது, வலி, பசி, போதும், வேணும் எல்லாம் இருந்தன. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

“இன்னா பாய், கொஞ்சம் பாத்து...”

“நா... நாளான்னிக்கி.”

ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். எஃப்சியை எப்படித் தள்ளிப்போடுவது என்று வாய்க்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். “செரி பாய், உன்னாண்ட பேச முடியுமா? நாளான்னிக்கே குடு. ஆனா கண்டிப்பா குடுக்கணும், ஆமா” என்று சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அங்கே எதுவும் நடந்ததாக அவருக்குத் தெரியவே தெரியாது.